தோன்றல், திரிதல், கெடுதல்

நன்னூல் கற்ற எவருக்கும் விகாரப் புணர்ச்சியின் மூன்று வகைகள் நினைவில் இருக்கும். வாழையோடு பழம் சேர்கையில் இடையே ஒரு பகர ஒற்று தோன்றுகிறது. பொன்னோடு குடம் சேர்கையில் னகரம் றகரமாகத் திரிகிறது. மரத்தோடு வேர் சேர்கையில் மகரம் கெடுகிறது. இதை ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லிவருகிறோம். மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், கோடை விடுமுறைக்குள் மறந்தும் விடுகிறார்கள். இம்மூன்றில் இரண்டைச் செய்வதற்கென்றே ஒரு சிறு கருவி கணினி உலகில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் அறிந்தோம். அறிய நேர்ந்த காரணம் துக்கமானது. அதைப் பின்னர் சொல்கிறோம், முதலில் கருவி.

அதன் பெயர் டிஆர். 'டிரான்ஸ்லேட்' என்னும் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள். மொழிபெயர்ப்பு என்று எண்ணிவிட வேண்டாம். இது எழுத்துப்பெயர்ப்பு மட்டுமே. யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணினிகளில் கட்டளை வரி என்றொரு வாசல் உண்டு. சுட்டியும் சாளரமும் இல்லை. ஒரு வரியைத் தட்டச்சு செய்து உள்ளிடு விசையை அழுத்தினால் கணினி அதைச் செய்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கும். அவ்வாசலில் நின்று டிஆருக்கு இரண்டு பட்டியல்களைக் கொடுக்க வேண்டும். முதற்பட்டியலின் முதல் எழுத்து எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இரண்டாம் பட்டியலின் முதல் எழுத்து வந்து அமரும், இரண்டாவதற்கு இரண்டாவது, இப்படியே இறுதிவரை. இது திரிதல். 'டி' என்னும் குறியைச் சேர்த்து ஒரே பட்டியலைக் கொடுத்தால் அவ்வெழுத்துகள் ஒன்றுவிடாமல் நீங்கும். இது கெடுதல். தோன்றலுக்கு மட்டும் அதனிடம் வழியில்லை. ஓர் எழுத்து இருந்த இடத்தில் ஓர் எழுத்தோ வெற்றிடமோ வரலாமேயன்றி இரண்டெழுத்து வர இயலாது. நன்னூலாரிடம் இதைக் காட்டியிருந்தால் மூன்றில் ஒன்று குறைகிறதே என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

'எஸ்' என்றொரு குறியும் உண்டு. அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்துகளை ஒன்றாக ஒடுக்குவது அதன் வேலை. இந்த ஒடுக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இக்கட்டுரை போய் நிற்கும் இடம் அதுதான்.

*

இத்தகைய கருவிகள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து முர்ரே ஹில்லில், பெல் ஆய்வகத்தில், 1970களின் முற்பகுதியில் பிறந்தவை. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் உருவாக்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கொள்கை எளியது: ஒவ்வொரு நிரலும் ஒரே ஒரு வேலையைச் செய்யட்டும், அதை ஒழுங்காகச் செய்யட்டும். பெரிய வேலை வந்தால் சிறிய நிரல்களைக் குழாய்போல ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ளலாம். ஒன்றின் வாயிலிருந்து வருவது அடுத்ததன் வாய்க்குள் போகும். இந்தக் குழாய் டக்ளஸ் மெக்கில்ராய் என்பவரின் எண்ணம். 1973இல் தாம்சன் அதைச் செயலாக்கினார்.

இவற்றுக்கும் நம்மைப் போன்ற ஏட்டுப்புழுக்களுக்கும் தொடர்பில்லை என்று எண்ணியிருந்தோம். அது சரியன்று. அதே ஆய்வகத்தில் லீ மக்மஹோன் என்பவர் 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1787, 1788 ஆண்டுகளில் ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவர் ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள் அவை. எதை யார் எழுதினார் என்பது கேள்வி. அவ்வளவு பெரிய உரையை அன்றைய தொகுப்பிக்குள் ஏற்ற முடியவில்லை. அவருக்கு உதவவே தாம்சன் 'கிரெப்' என்னும் தேடுகருவியைத் தனி நிரலாகப் பிரித்துக்கொடுத்தார். பின்னர் மக்மஹோனே 'செட்' என்னும் கருவியை எழுதினார். உரை ஓடிவரும்போதே அதைத் திருத்தி அனுப்பும் கருவி அது. இந்நூலை இயற்றியவர் யார் என்ற நம் துறையின் பழங்கேள்விதான் அந்த ஆய்வகத்திலும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

டிஆரின் புகழ்பெற்ற மேடை 1986ஆம் ஆண்டினது. ஜான் பென்ட்லி என்பவர் ஓர் இதழில் நடத்திய பத்திக்காக, ஓர் உரையில் அதிகம் வரும் சொற்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிடும் நிரல் ஒன்றைக் கணினியறிஞர் டொனால்ட் நூத் எழுதினார். இலக்கியம்போல வாசிக்கத்தக்க நிரலாக, விளக்கமும் குறிமுறையுமாக, பல பக்கங்களுக்கு அது நீண்டது. அதற்கு மதிப்புரை எழுதிய மெக்கில்ராய், நூத்தின் நேர்த்தியைப் பாராட்டிவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஆறு வரிகளைக் கீழே கொடுத்தார். அவற்றில் முதலிரண்டும் டிஆர். எழுத்தல்லாத அனைத்தையும் வரிமுறிவாக மாற்றி, தொடர்ந்து வரும் முறிவுகளை ஒடுக்குவது முதல் வரி. இப்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல் மட்டுமே நிற்கும். பெரிய எழுத்துகளைச் சிறியனவாக்குவது இரண்டாவது. பிறகு அகரவரிசைப்படுத்தல், எண்ணுதல், எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தல், வேண்டிய அளவோடு நிறுத்துதல். சொல்லடைவு தயாரிக்க அட்டைகளை அடுக்கி அடுக்கிக் கண் பூத்தவர்கள் நம் துறையில் ஏராளம். அவர்களுக்கு அந்த ஆறு வரிகளைக் காட்ட வேண்டும் என்று தோன்றும். காட்டாமல் இருப்பதே கருணை என்றும் தோன்றும்.

*

இனி நமக்கு இதெல்லாம் எப்படி வந்துசேர்ந்தது என்பதைச் சொல்லலாம்.

முதுகலையில் நமக்கு நாட்டார் வழக்காற்றியல் கற்பித்த ஆசிரியர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் அலைந்து ஒப்பாரிப் பாடல்களை ஒலிநாடாக்களில் பதிவுசெய்து சேர்த்தவர். பணி ஓய்வுக்குப் பின் ஒரு பழைய கணினியை வாங்கி, 1999 தொடங்கிச் சில ஆண்டுகள் நாடாக்களை ஓடவிட்டுக் கேட்டு, ஒரு விரலால் தட்டச்சு செய்துவைத்தார். நாடாக்களில் பெரும்பாலானவை பிறகு பூஞ்சை பிடித்துப் போயின. கோப்புகள் மட்டும் ஒரு குறுந்தகட்டில் எஞ்சின. அவருடைய மகள் அதைத் தம் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு நம்மை அழைத்தார்.

"அண்ணே, அப்பா ஃபைல் எல்லாம் இங்கிலீசு எழுத்தா வருது. ஒரு வரிகூட வாசிக்க முடியல. கெட்டுப்போச்சா?"

கெட்டுப்போகவில்லை. அவை பாமினி எழுத்துருவில் இருந்தன. ஒருங்குறி பரவலாகாத அந்நாளில் தமிழைக் கணினியில் காண்பதற்கு நம்மவர்கள் கண்ட வழி இது: கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்தே, அதன் முகத்தில் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டிவிடுவது. 'தமிழ்' என்று திரையில் தெரிந்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஜே தகரம், கே மகரம், பி இகரக் குறி, ஓ ழகரம், அரைப்புள்ளி மெய்ப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்று விழுந்துவிடும். அந்த மகள் கண்டது அதைத்தான்.

நம் கல்லூரியில் கணினித் துறையில் பணிபுரியும் இளைய நண்பர் ஒருவர் இரண்டு மாலைகள் நமக்காக ஒதுக்கினார். கட்டளை வரியின் முன் நம்மை உட்காரவைத்து முதல் விதியாக அவர் சொன்னது இது: "சார், டிஆர் எந்தக் கோப்பையும் தொடாது. வாங்கும், மாற்றி வெளியே விடும், அவ்வளவுதான். ஆனா வெளியே விடுறதை அதே கோப்பிலேயே எழுதச் சொல்லிடாதீங்க. டிஆர் வாசிக்கத் தொடங்குறதுக்கு முன்னாடியே அந்தக் கோப்பு காலியாயிடும்." விளக்கமும் தந்தார். எழுதுவதற்கான கோப்பை ஆயத்தம் செய்வது டிஆர் அன்று, அதை இயக்கும் 'ஷெல்'. ஷெல் முதற்காரியமாகப் பலகையைத் துடைத்துவிடும். பிறகுதான் டிஆரை அழைக்கும். டிஆர் வந்து பார்க்கையில் வாசிக்க ஒன்றும் இராது. ஆகவே மூலத்தைப் படியெடுத்து, எழுதத் தடைசெய்த ஓர் அடைவில் வைத்துவிட்டே வேலையைத் தொடங்கினோம். ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்த்தெழுதியவர்களின் ஒழுக்கமும் அதுதான்.

முதல் கட்டளை எளியது. விண்டோஸ் கணினியில் எழுதிய உரையில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு மறைகுறிகள் உண்டு: 13 என்னும் எண்ணுடைய ஒன்று, 10 என்னும் எண்ணுடைய மற்றொன்று. தட்டச்சுப்பொறியின் உருளையை வலப்பக்கம் தள்ளுவதும் தாளை ஒரு வரி ஏற்றுவதும் தனித்தனிச் செயல்களாக இருந்த காலத்தின் எச்சம் அது. யூனிக்ஸுக்கு 10 மட்டும் போதும். 13ஐ நீக்கச் சொன்னோம், நீங்கியது. இந்தக் கெடுதலால் எவருக்கும் கேடில்லை.

*

அடுத்த அடிகளில்தான் நாம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. ஆங்கில உரைக்கெனப் புத்தகங்கள் கூறும் வாய்பாடுகள் முகமூடித் தமிழின்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நண்பர் ஒரு சிறு படியின்மேல் செய்து காட்டினார். இலக்கண ஆசிரியருக்கு அது ஒரு தனி வகுப்பு.

நிறுத்தக்குறிகளை நீக்குக என்பது வழக்கமான முதல் வாய்பாடு. பாமினியில் அரைப்புள்ளி என்பது மெய்ப்புள்ளி. காற்புள்ளி என்பது இகர உயிர். ஒரே கட்டளையில் உரையின் புள்ளிகள் அனைத்தும் உதிர்ந்தன. 'இலங்கை' என்பது 'லஙகை' ஆயிற்று. 'அம்மா' என்பது 'அமமா' ஆனது. நாம் திகைக்கவில்லை. இத்தகைய எழுத்தை நமக்கு முன்பே தெரியும். பனையோலையில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று இடாமல் விட்ட எழுத்தாளர்களின் தமிழ் இப்படித்தான் இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் முன்னிருந்த ஓலைகளும் புள்ளியற்றவையே. பல ஆண்டு உழைப்பால் நீங்கிய ஓர் இடரை ஒரு கட்டளை இமைப்பொழுதில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது.

பெரிய எழுத்தைச் சிறிதாக்குக என்பது இரண்டாவது வாய்பாடு; மெக்கில்ராயின் இரண்டாம் வரியே அது. பாமினியில் சிறிய எம் அகரம், பெரிய எம் ஆகாரம். சிறிய வி எகரம், பெரிய வி ஏகாரம். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அவ்வாறே சிறிய என், பெரிய என். அக்கட்டளை ஓடியதும் தேன் தென்னாயிற்று, மீன் மின்னாயிற்று, பேண் என்பது பெண் ஆயிற்று. உகர உயிர்மெய்கள் பலவும் பெரிய எழுத்தில் இருப்பதால் நாடு நாடவென்று நின்றது. செய்யுள் விகாரங்களுள் குறுக்கல் என்று நாம் நடத்துவதை இப்படி ஊர் முழுக்க ஒரே இரவில் நடத்திக்காட்டிய புலவர் எவருமில்லை. எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்தியதாக வீரமாமுனிவரைப் போற்றுகிறோம். அந்த இரட்டைக்கொம்பின் அருமை, அது பறிபோகும்போது நன்றாக விளங்குகிறது.

மூன்றாவது, ஒடுக்கல். இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் இரட்டை எழுத்துகளை ஒடுக்கினால் சொற்கள் ஊனப்படும். தமிழில் இரட்டிக்கும் மெய்கள் தப்பிவிடுகின்றன. 'பாட்டி' என்பதில் இரண்டு டகரங்களுக்கு இடையே ஒரு புள்ளி காவல் நிற்கிறதல்லவா? கருவி அவற்றை அடுத்தடுத்தவை என்று கருதுவதில்லை. ஆனால் தத்துவம் 'த்துவம்' ஆகிறது. வவ்வால் 'வ்வால்' ஆகிறது. வானத்தைக் குறிக்கும் ககனம் 'கனம்' ஆகிவிடுகிறது. மெய் தப்பித்து, உயிர்மெய் அகப்பட்டுக்கொள்கிறது.

நம் ஆசிரியரின் கோப்புகளில் ஒடுக்கல் வேறோர் இடத்தில் வலித்தது. ஒப்பாரியில் ஒரு சொல் முடிந்தபின் நீளும் ஓலத்தை அவர் எழுத்தால் குறித்திருந்தார். 'என் ராசாஆஆஆ' என்பது ஓர் இடத்தில். 'ராசாஆஆஆஆஆ' என்பது வேறோர் இடத்தில். முதற்கோப்பின் தலைப்பில் ஒரு குறிப்பும் இருந்தது: நாடாவை மீண்டும் ஓடவிட்டு விரலை நொடித்து எண்ணியதாகவும், ஒரு நொடிப்புக்கு ஓர் ஆகாரம் இட்டதாகவும் எழுதியிருந்தார். கண்ணிமையும் கைந்நொடியும் மாத்திரைக்கு அளவு என்று தொல்காப்பியம் சொல்வதை வகுப்பில் நொடித்துக் காட்டிய அதே விரல். நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்னும் கணக்கை மட்டும் ஓரமாக வைத்துவிட்டிருந்தார். டிஆரின் ஒடுக்கலுக்கு இந்த ஆகாரங்களும் தேவையற்ற இடைவெளிகளும் ஒன்றே. ஆகவே வெற்றிடம் ஒன்றை மட்டும் ஒடுக்கச் சொல்லி எழுத்துகளை விட்டுவைத்தோம்.

*

பிறகு ஒருங்குறிக்கு மாற்றும் வேலை. இங்கே டிஆர் விடைபெற்றுக்கொண்டது. காரணங்கள் இரண்டு.

ஒன்று, எடை. பாமினியில் ஒரு குறிக்கு ஒரு பைட். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். 'தமிழ்' என்னும் சொல் அங்கே 5, இங்கே 15. லினக்ஸில் நெடுங்காலமாக வழங்கும் டிஆர் பைட்டுகளை மட்டுமே எண்ணத் தெரிந்தது. ககரத்தை நீக்கு என்றால் ககரத்தின் மூன்று பைட்டுகளையும் தனித்தனியாக, காணுமிடமெல்லாம் நீக்கும். ககரத்தின் முதல் பைட்டே மற்றெல்லாத் தமிழெழுத்துக்கும் முதல் பைட். எனவே ஓர் எழுத்தைக் கேட்டால் மொழியே போய்விடும். ஆங்கில முகமூடி போட்டிருந்தவரை தமிழை டிஆரால் கையாள முடிந்தது. சொந்த முகத்தோடு வந்தபோது முடியவில்லை.

இரண்டு, வரிசை. பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதும்: முதலில் கொம்பு, பிறகு மெய், பிறகு கால். ஒருங்குறி ஒலிக்கும் வரிசையில் எழுதும்: முதலில் மெய், பிறகு அதன் உயிர்க்குறி. 'கொ' என்பதன் மூன்று துண்டுகளைப் பிடித்து, இடம் மாற்றி, இரண்டாகக் கட்ட வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்னும் கருவிக்கு இது ஆகாத காரியம். மக்மஹோனின் 'செட்' இதைச் செய்யும். அமைப்பைச் சொன்னால் போதும்: கொம்பு ஒன்று, அதையடுத்து ஏதேனும் ஒரு மெய், அதையடுத்துக் கால். மூன்று துண்டு விதிகளை முதலிலும், இரண்டு துண்டு விதிகளைப் பின்னரும், ஒற்றை விதிகளை இறுதியிலும் வைக்க வேண்டும். சிறப்புவிதி முந்தி, பொதுவிதி பிந்தி. 200க்கு மேற்பட்ட வரிகள் ஆயின. எழுதி முடித்துப் பார்த்தபோது ஒரு சிறு புணரியல் போலவே இருந்தது.

ஆயினும் விதிக்கு அடங்காதவை இருந்தன. ஆசிரியர் இடையிடையே 'டேப்' என்றும் 'சைட்' என்றும் ஆங்கிலத்தில் குறித்திருந்தார். அவை 'வயிந' என்றும் 'ளனைந' என்றும் மாறி, யாரோ ஒரு சங்கப் புலவரின் அருஞ்சொற்கள்போல் உட்கார்ந்திருந்தன. அவற்றைக் களைந்தது எளிது. கடினமானது ஔகாரம். பாமினியில் ஔகாரத்தின் பின்பகுதியும் ளகரமும் ஒரே விசை. ஆகவே 'வௌ' என்பதும் 'வெள' என்பதும் உள்ளே ஒன்றே. விதி எல்லாவற்றையும் ஔகாரமாக்கியது. வெள்ளி 'வௌ்ளி' ஆயிற்று. இத்தகைய உருவங்களை இணையத்தில் பலரும் கண்டிருப்பீர்கள். அவை பிறக்கும் இடம் இதுதான். ஔகாரத்தையடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ஔகாரமன்று, ளகரம் என்று ஒரு விதி சேர்த்தோம். வெள்ளியும் வெளியும் தெளிவும் தத்தம் உருவைத் திரும்பப் பெற்றன.

ஆனால் 'வெளக்கு' திரும்பவில்லை. விளக்கு என்பதை அப்பக்கத்துப் பெண்கள் வெளக்கு என்றே பாடியிருக்கிறார்கள். அங்கே ளகரம் அகரத்தோடு நிற்கிறது, புள்ளியுமில்லை, குறியுமில்லை. 'வௌக்கு' என்று கோப்பு முழுவதும் கிடந்தது. 'வெளஞ்ச' நெல்லும் அப்படியே. நூல்தமிழாக இருந்திருந்தால் விதி வென்றிருக்கும். பேச்சுத்தமிழ் என்பதால் தோற்றது. அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, வாய்விட்டுப் படித்து, கையால் திருத்தினோம். ஒப்பாரியில் விளக்கு எத்தனை முறை அணைகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

*

கோப்பு வாசிக்கத்தக்கதானதும் நூலாக்கும் பேச்சு வந்தது. முன்வந்த பதிப்பாளர் ஒருவர் பிரதியைப் பார்த்துவிட்டு நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: வெளக்கை விளக்காக்கிவிடலாம், பொறவு என்பதைப் பிறகு ஆக்கிவிடலாம், ஆகாரங்களை மூன்றோடு நிறுத்திவிடலாம்; கணினியில் ஒரு நிமிட வேலைதானே? ஒரு நிமிடம்கூட ஆகாது என்பது நமக்குத் தெரியும். தயக்கத்துக்குக் காரணமும் அதுவே. கையால் திருத்துபவருக்குப் பத்தாவது வெளக்கில் கை சலிக்கும். இருபதாவதில் இவள் ஏன் இப்படியே சொல்கிறாள் என்று மனம் கேட்கும். அந்தச் சலிப்பு ஒரு காவல். கட்டளைக்குச் சலிப்பில்லை, அதனால் கேள்வியுமில்லை.

தவிர, பலவற்றை ஒன்றாக்கும் மாற்றம் திரும்பாது. லகரத்தை ளகரமாகவும் ளகரத்தை லகரமாகவும் ஒரே கட்டளையில் டிஆரால் இடம் மாற்ற முடியும். மீண்டும் அதே கட்டளையை இட்டால் பழைய உரை அப்படியே வந்துவிடும். ஆனால் இரண்டையும் லகரமாக்கிவிட்டால், எது முன்பு ளகரமாக இருந்தது என்பதை எந்தக் கட்டளையும் சொல்லாது. வெளக்கு என்று பாடியவளும் விளக்கு என்று பாடியவளும் அந்தக் கோப்புகளில் தனித்தனியாக இருக்கிறார்கள். ஒருத்தி பள்ளிக்குப் போயிருக்கலாம். ஒருத்தி வேற்றூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்திருக்கலாம். இருவரையும் ஒருத்தியாக்கும் உரிமை நமக்கு ஏது? உ.வே.சா. தமக்கு ஒவ்வாத பாடத்தையும் பாடபேதமாக அடியில் குறித்துவிட்டுத்தான் மேலே சென்றார். அவ்வழியையே பின்பற்றுவதென்று முடிவுசெய்தோம். பதிப்பாளர் முகம் சுளிக்கவில்லை; பக்கம் கூடும் என்று மட்டும் சொன்னார்.

எஞ்சியது ஓர் இடம். ஆசிரியர் தம் தாயாரின் ஒப்பாரியையும் பதிவுசெய்திருந்தார். தம் தந்தை இறந்த வீட்டில் அல்ல, பின்னொரு நாள் கேட்டுப் பாடவைத்தது. அதன் கடைசி வரியில் ராசா என்னும் சொல்லுக்குப் பின் 23 ஆகாரங்கள் இருந்தன. மற்றப் பாடல்கள் எதிலும் ஒன்பதைத் தாண்டவில்லை. நண்பர் பார்த்துவிட்டு, விசையில் விரல் அழுந்திக் கிடந்திருக்கும் சார், பழைய விசைப்பலகைகளில் நடப்பதுதான் என்றார். நியாயமான ஐயம். ஆனால் பாமினியில் ஆகாரம் பெரிய எம். அது தொடர்ந்து விழ வேண்டுமானால் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மேல்விசையை விட்டிருந்தால் அகரங்கள் விழுந்திருக்கும். ஒரே விரலால் தட்டச்சு செய்தவர் அங்கே இரு கைகளையும் வைத்திருக்கிறார். எண்ணி இட்டாரா, வைத்தபடியே இருந்துவிட்டாரா என்பதைக் கோப்பு சொல்லாது. நாடாவோ போய்விட்டது. விரலை நொடித்துக்கொண்டே நாமும் ஒரே மூச்சில் இழுத்துப் பார்த்தோம், பதினான்கில் நின்றுவிட்டது.

அவருடைய மகளிடம் இரண்டு சாத்தியங்களையும் சொல்லி, மூன்றாக்குவதா, ஒன்பதாக்குவதா, விடுவதா என்று கேட்டோம். சிறிது நேரம் பேசவில்லை.

"ஆச்சி அவ்வளவு நேரம் அழுதிருக்கலாம். இல்லன்னா அப்பா கையை எடுக்காம உக்காந்திருக்கலாம். ரெண்டுல எதுன்னாலும் அதை அழிக்க வேண்டாம்ணே."

அச்சுக்குப் போகும் பிரதியில் அந்த வரி 23 ஆகாரங்களோடு இருக்கிறது. அடியில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறோம்: 'மூலக்கோப்பில் உள்ளபடி.'